உன்னை வரவேற்கப் போகிறவர்களைப் பற்றி

தம்பி,

நேற்றுப் பின்னேரம் நீ குசினிக்குள் நின்றபடி, "அம்மா, திங்கட்கிழமை நீங்களும் வரவேணும், ஒரு பாட்டும் பாடவேணும்" என்று கேட்டபோது நான் "பார்ப்பம்" என்றேன். என்னுடைய "பார்ப்பம்" என்பதற்கு என்ன அர்த்தம் என்று உனக்குத் தெரியும். அதனால்தான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, தேத்தண்ணியைக்கூட முழுசாகக் குடிக்காமல் போய்விட்டாய். நேரில் சொல்லத் தொடங்கினால் நீ இடையிலே ஆங்கிலத்தில் புகுந்து என் வாயை அடைத்துவிடுவாய். அதுதான் எழுதுகிறேன். நீ அழ அழ உன்னைச் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கு இழுத்துக்கொண்டு போனது இந்தக் கடிதத்துக்காகத்தான் என்று வைத்துக்கொள். எழுத்துக் கூட்டியாவது நீயே வாசி. படம் பிடித்து அந்தப் போனிடம் கொடுத்து மொழிபெயர்க்காதே. அது யாருக்கு என்ன சொல்கிறதோ, எனக்கு அதில் துளி நம்பிக்கையும் இல்லை.

மனுகாவில் நான் படித்த அதே கல்லூரியில் நீ மின்சார வேலை பழக்கும் ஆசிரியராகப் போகிறாய். நல்ல செய்திதான். உன் அப்பா கேட்டவுடன் சாமிப்படத்துக்கு முன்னால் போய் நின்றார். எனக்கு மட்டும் எங்கேயோ இடித்தது. நீ விண்ணப்பம் போட்டுப் பெற்ற வேலை இல்லை இது. அவர்களே உன்னைத் தேடி வந்து கூப்பிட்டார்களாம். நான் இந்த ஊரில் இவ்வளவு காலம் இருக்கிறேன், என்னைத் தேடி ஒரு மனுஷர் வேலையோடு வந்தது கிடையாது. சரி, காலம் மாறிவிட்டது என்று நினைத்தேன். பிறகு பார்த்தால், ஒப்பந்தத்தில் நீ கையெழுத்து வைக்க முதலே உன்னைக் கூப்பிட்டுப் படம் எடுத்திருக்கிறார்கள். ஒரு தரம் அல்ல, உடுப்பு மாற்றச் சொல்லி இன்னொரு தரமும். வேலைக்கு ஆள் எடுக்கிறவர்களுக்கு முதலில் ஏன் உன் முகம் வேண்டியிருக்கிறது? நீயோ அந்தச் சந்தோஷத்தில், இவ்வளவு வருஷம் ஓடி உழைத்த வான் வண்டியையும் விற்றுவிட்டாய். போன கிழமை உன் புது மேலதிகாரி போனில் வந்தபோது நீ கையில் மாவோடு நின்றதால் ஸ்பீக்கரில் போட்டாய். "ஹாய் ட்ரூ" என்றார் அந்த மனுஷன். நான் அடுப்படியில் நின்று யாரடா அந்த ட்ரூ என்று யோசித்தேன். திருச்செல்வன் என்று நானும் அப்பாவும் எவ்வளவு சண்டை பிடித்து வைத்த பெயர்! வேலை தொடங்க முதலே அதை நறுக்கிவிட்டார்கள், நீயும் "ஹாய், ஹாய்" என்று சிரித்தாய்.

நான் அங்கே படிக்கப் போன முதல் நாளைப் பற்றி உனக்கு ஒருநாளும் ஒழுங்காகச் சொன்னதில்லை. நீ அப்போது சின்னன். அப்பா மனுரேவாவில் ஒரு பண்டகசாலையில் பெட்டி ஏற்றிக்கொண்டிருந்தார். சின்னப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கும் பயிற்சியில் எனக்கு இடம் கிடைத்தது. இங்கே ஊரைப் போல் இல்லை, ஆடி மாதம்தான் கடும் குளிர். திங்கட்கிழமை உனக்குச் செய்யப்போகிற, இந்த மண்ணின் ஆதிக்குடிகளான மாவோரிகளின் அதே வரவேற்பைத்தான் எங்களுக்கும் செய்தார்கள். வாசலுக்கு வெளியே எங்களை நிறுத்தி வைத்தார்கள். உள்ளே இருந்து ஒரு பெண்ணின் குரல் நீட்டி அழைத்தது. ஐயோ தம்பி, எனக்கு ஒப்பாரி என்றுதான் பட்டது. செத்தது யார் என்று நான் எட்டிப் பார்த்தேன். உண்மையாகவே பார்த்தேன், சிரிக்காதே. பக்கத்தில் நின்ற மேரே என்ற மாவோரி ஆசிரியை, என் முகத்தைப் பார்த்துவிட்டு மெல்லச் சொன்னார்: வருகிறவர்களோடு அவர்களின் இறந்தவர்களையும் சேர்த்துத்தான் கூப்பிடுகிறார்கள், உன்னுடையவர்களும் உள்ளே வரலாம். நான் என் தம்பியை நினைத்தேன். சண்டையில் போன உன் மாமாவை. அவனை இங்கே யாருக்குத் தெரியும், இவர்கள் எப்படிக் கூப்பிடுவார்கள் என்று ஒரு பக்கம் சந்தேகம். மறுபக்கம் கண்ணீர் தானாக ஓடியது. பூட்ஸ் போட்ட காலோடு அவன் அந்தக் கம்பளத்தில் நடந்து வருகிற மாதிரி இருந்தது எனக்கு.

பிறகு இரண்டு பக்கமும் பேச்சு, பேச்சுக்கு ஒரு பாட்டு, எல்லாம் முடிந்து வரிசையாக நின்றோம். மூக்கோடு மூக்கு, நெற்றியோடு நெற்றி வைத்து மூச்சைப் பகிர்ந்துகொள்வது அவர்களின் வழக்கம். உனக்குத் தெரியாததா. எனக்கு அப்போது தெரியாது. நான் கோயிலுக்குப் போகிற மாதிரி வெளிக்கிட்டு, நெற்றியில் பெரிதாகக் குங்குமம் வைத்துக்கொண்டு போயிருந்தேன். ஒட்டுப்பொட்டு அல்ல, நல்ல ஈரக் குங்குமம். நான் நெற்றி வைத்த ஒவ்வொருவர் நெற்றியிலும் அது ஒட்டிக்கொண்டு போனது. வரிசை போகப் போகத்தான் கவனித்தேன். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. நிறுத்தவும் முடியவில்லை, பின்னால் ஆட்கள் நெருக்கிக்கொண்டு வருகிறார்கள். வரிசையின் கடைசியில் எங்கள் துறைத் தலைவர், வெள்ளைக்கார மனுஷன். வரவேற்புப் பேச்சில் தேன் ஒழுக, "இது உங்கள் வீடு" என்று சொன்னவர். அவரும் குனிந்து நெற்றி வைத்தார். வைத்துவிட்டு, சிரித்த முகம் மாறாமல், சட்டைப்பையில் இருந்து கைக்குட்டையை எடுத்து நெற்றியை அழுத்தித் துடைத்தார். துடைத்த துணியை விரித்துப் பார்த்தார். பிறகு மடித்து வைத்தார். அப்பாவிடம் சொன்னபோது, "மனுஷன் வேர்வையைத் துடைச்சிருப்பார்" என்றார். ஆடி மாதக் குளிரில் வேர்வையாம்!

அதே நேரம் மேரேயைப் பார்த்தேன். அவர் நெற்றியில் மூக்குக்கு நேர் மேலே சிவப்பாக என் குங்குமம். தேத்தண்ணி குடிக்கும்போதும் இருந்தது. மத்தியானம் வகுப்பு எடுக்கும்போதும் இருந்தது. எனக்கு அதிலும் சந்தேகம்தான். தெரிந்து வைத்திருக்கிறாரா, கண்ணாடி பார்க்காததால் தெரியவில்லையா? அடுத்த நாள் நான் மனுரேவாவில் ஒரு இந்தியக் கடைக்குப் போய் ஒட்டுப்பொட்டு வாங்கினேன். கல்லூரிக்குப் போன மிச்ச நாள் முழுக்க அந்தக் கடுகளவு கறுப்புப் பொட்டுத்தான். யாருடைய நெற்றியிலும் ஒட்டாது.

நீ இப்போது அந்தக் கல்லூரியின் சாப்பாட்டு மண்டபத்தைப் பற்றிப் பெருமையாகச் சொல்கிறாய், எல்லா இனமும் கலந்து இருக்கிறது என்று. அப்போதும் எல்லா இனமும் இருந்தது, தம்பி. ஆனால் தீவுக்காரரான சமோவா, தொங்காப் பிள்ளைகள் ஜன்னல் பக்கம். இந்தியாக்காரர் மைக்ரோவேவுக்குக் கிட்ட. கட்டட வேலை படிக்கும் வெள்ளைக்காரப் பெடியள் வெளியே மர வாங்கில். சீனப் பிள்ளைகள் நூலகப் படிக்கட்டில். நாங்கள் யாழ்ப்பாணத்துப் பெண்கள் சிலர், கறி மணக்கிறது என்று யாரோ மூக்கைச் சுளித்த நாளில் இருந்து, கார் நிறுத்துமிடத்தில் என் பழைய காருக்குள் இருந்து புட்டுச் சாப்பிட்டோம். ஒரு நாள் படம் பிடிக்கிறவர் ஒருவர் வந்தார். என்னை, ஒரு சமோவாப் பெண்ணை, ஒரு கொரியாக்காரனை, ஒரு மாவோரி இளைஞனை ஒரே மேசையில் இருத்தி, புத்தகம் ஒன்றை விரித்து, எல்லோரும் அதைப் பார்த்துச் சிரியுங்கள் என்றார். சிரித்தோம். என்ன புத்தகம் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. படம் எடுத்து முடிந்ததும் எழும்பி அவரவர் இடத்துக்குப் போனோம், நான் காருக்குப் போனேன். அந்தப் படம் கல்லூரி வாசல் சுவரில் வருஷக்கணக்காகத் தொங்கியது. நீயே பார்த்திருக்கிறாய், ஒருமுறை பஸ்ஸில் போகும்போது "அம்மா! அம்மா!" என்று கத்தினாய்.

படிப்பு முடிந்ததும், அந்தக் கல்லூரிக்குள்ளேயே இருந்த பிள்ளைகள் பராமரிப்பு நிலையத்துக்கு வேலைக்கு விண்ணப்பித்தேன். நேர்முகத்துக்குப் போகிற வழியில் என் படத்தைக் கடந்துதான் போனேன். அந்தத் துறைத் தலைவரும் இருந்தார். எல்லாம் நல்லபடி கதைத்தார்கள். கடைசியில், என் படிப்பில் குறை ஒன்றும் இல்லை, ஆனால் என் உச்சரிப்புப் பிள்ளைகளுக்கு விளங்காது, பிள்ளைகள் பிழையாகப் பழகிவிடும் என்று மெதுவாகச் சொன்னார்கள். நான் "தேங்க்யூ" சொல்லிவிட்டு வந்தேன். அந்த "தேங்க்யூ" எனக்கு இன்றைக்கும் வாயில் கசக்கிறது. என் முகம் அவர்கள் சுவரில் இருக்கலாம், என் குரல் அவர்கள் அறைக்குள் வரக்கூடாது. இப்போது நீ வந்து, அதே இடத்தில், அம்மா ஒரு பாட்டுப் பாடட்டும் என்று அவர்கள் ஆசையாகக் கேட்கிறார்கள் என்கிறாய். கண்டறியாத பாட்டு!

நான் ஏன் இவ்வளவு சந்தேகப்படுகிறேன் என்று நேற்று நீ கேட்டாய். "இட்ஸ் டிஃபரன்ட் நவ், அம்மா" என்றாய். மாறியிருக்கலாம். ஆனால் சிரித்தபடி ஆளை விலக்குவது எப்படி என்று எனக்கு வெளியில் இருந்து மட்டும் தெரியாது, உள்ளே இருந்தும் தெரியும். என் வகுப்பில் கமலா என்று ஒரு பிஜி இந்தியப் பெண் படித்தாள், இப்போது கோயிலில் நீ "கமலா அன்ரி" என்று கும்பிடுகிற அதே ஆள்தான். அவளுடைய பூட்டனார் கரும்பு வெட்ட பிஜிக்குக் கப்பலில் போனவர். ஒரு நாள் கார் கண்ணாடியைத் தட்டி, "அக்கா, உள்ள எடம் இருக்கா? நானும் வந்து சாப்பிடவா?" என்று கேட்டாள். எங்களில் ஒருத்தி, சாதி அறிய எங்களுக்குப் பழகிய கேள்வியைக் கேட்டாள்: "நீங்கள் எந்த ஊர்?" பிஜியில் நாடி என்ற ஊர் என்றாள் கமலா. "அது இல்லை, அதுக்கு முந்தி? இந்தியாவில எந்தப் பக்கம்? என்ன ஆக்கள்?" அவளுக்குத் தெரியவில்லை. தெரியாது என்று சொல்லிச் சிரித்தாள். நான் என் கைப்பையை எடுத்து வெறுமையாக இருந்த முன் சீட்டில் வைத்தேன். "ஐயோ, இடம் இல்லையே" என்றேன், நல்ல சிரிப்போடு. அவள் சாப்பாட்டுப் பெட்டியோடு திரும்பிப் போனாள். அந்தச் சிரிப்பு எனக்கு ஊரிலேயே பழகியது; அந்தத் துறைத் தலைவரின் கைக்குட்டையை நான் எப்படி அவ்வளவு விரைவாக அடையாளம் கண்டேன் என்று இப்போது உனக்கு விளங்கும்.

பிறகு எனக்கு வேலை கிடைத்தது மனுரேவாவில், ஒரு சமோவாத் தேவாலயத்துக்குப் பின்னால் இருந்த சின்னப் பள்ளியில். அங்கே யாரும் என் உச்சரிப்பைப் பற்றிக் கேட்கவில்லை. மத்தியானம் பிள்ளைகளை நித்திரையாக்க வேண்டும். எனக்குத் தெரிந்தது ஒரே பாட்டு. நீ கைக்குழந்தையாக இருந்து படுக்காமல் படுத்தியபோது நானே சொற்களைக் கட்டி, நானே மெட்டுப் போட்டுப் பாடிய தாலாட்டு. ஒவ்வொரு அடி முடிவிலும் உன் பெயர் வரும். அதைத்தான் பாடினேன். அந்தக் குண்டுக் கன்னப் பிள்ளைகள் எல்லாம் திருச்செல்வன், திருச்செல்வன் என்று முணுமுணுத்துக்கொண்டே நித்திரை கொண்டார்கள். ஒரு பிள்ளைக்கும் உச்சரிப்பில் பிழை வரவில்லை.

மேரேயைக் கடைசியாகக் கண்டது பட்டமளிப்பு நாளில். என் கையைப் பிடித்துக்கொண்டு, நெற்றியைக் கிட்டக் கொண்டுவந்தார். வைத்து எடுத்ததும் தன் நெற்றியைத் தொட்டு விரலைப் பார்த்தார். ஒன்றும் இல்லை. "இன்றைக்கு எனக்குக் கொண்டுவரவில்லையா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். நான் அதைக் கிண்டல் என்று எடுத்தேன். முகத்தைத் திருப்பிக்கொண்டு, உன்னைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். கார் ஓடும்போதுதான் நினைவு வந்தது: கிண்டல் பண்ணுகிறவர் விரலைப் பார்க்கத் தேவையில்லை. திரும்பிப் போகவில்லை. அவர் அந்த வருஷமே வடக்கே தன் ஊருக்குப் போய்விட்டார் என்று பிறகு கேள்விப்பட்டேன். அன்றைக்கு முழுக்க அந்தக் குங்குமத்தைத் தெரிந்துதான் வைத்திருந்தாரா என்று இன்றைக்கும் எனக்கு முழு நிச்சயம் இல்லை. தெரிந்துதான் என்று நம்ப விருப்பம். விருப்பம் வேறு, நம்பிக்கை வேறு.

இப்போது என் புத்திமதி. அம்மா எழுதினால் புத்திமதி இல்லாமல் இருக்குமா? உன் மின்சார வேலைப் பதிவை ஒருநாளும் விட்டுவிடாதே, இவர்கள் கை விரித்தால் நீ திரும்ப ஏணி ஏறவேண்டும். இனம், கலாசாரம் என்று ஒவ்வொரு குழுவுக்கும் உன்னைக் கூப்பிடுவார்கள். போ, ஆனால் பாடத்திட்டத்தைத் தீர்மானிக்கிற கூட்டத்துக்கும் உன்னைக் கூப்பிடுகிறார்களா என்று பார். கூப்பிடாவிட்டால் வாயைத் திறந்து கேள். ஆசிரியர்கள் சாப்பிடும் மேசையிலேயே இருந்து, உன் கறியைச் சூடாக்கித் திறந்து சாப்பிடு, காருக்குப் போகாதே. உன் வகுப்புப் பிள்ளைகளில் யாருக்குப் பயிற்சி வேலைக்கு அழைப்பு வருகிறது, யாருக்கு வரவில்லை என்று கவனி. சுவரில் யார் படம் தொங்குகிறது என்பதை வைத்து ஒன்றும் முடிவு பண்ணாதே. யாராவது வந்து "இடம் இருக்கா?" என்று கேட்டால், அவன் எந்த நாட்டுக்காரனாக இருந்தாலும், முதலில் உன் பையை எடு. பிறகு கதை.

நேற்று நீ போன பிறகு அப்பா என்னைப் பேசினார். "நீர் ஏன் எல்லாத்துக்கும் குற்றம் பிடிக்கிறீர்? பிள்ளை ஆசையாய்க் கேட்டவன். ஒருக்காப் போய்ப் பாடிப்போட்டு வாருமன், என்ன குறையப்போகுது?" என்றார். "குறைஞ்சது எனக்குத்தானே தெரியும்" என்றேன். "உமக்கு அவங்களில கோபமோ, இல்லாட்டிப் பிள்ளை அங்க போறதில பயமோ?" என்று கேட்டுவிட்டு மனுஷன் பேப்பரை விரித்துவிட்டார். அவர் பெரிதாகக் கதைக்க மாட்டார், கதைத்தால் இப்படித்தான். பயம்தான், தம்பி. உன் படத்தைச் சுவரிலும் பஸ்ஸிலும் ஒட்டி வைத்துவிட்டு, உன்னை உள்ளே விடமாட்டார்களோ என்ற பயம். கதவு திறந்திருக்கிறது என்று நம்பிப் போய் நானும் அந்த வாசலில் நின்றவள். நீயும் வந்து அப்படி நின்றால் எனக்குத் தாங்காது.

அதனால் முடிவு பண்ணிவிட்டேன். வருகிறேன். நான் வராமல் விட்டால் உன் பக்கத்தில் யார் நிற்பது? வெறும் பக்கத்தோடு என் பிள்ளை அந்த வாசலுக்குள் போகக்கூடாது. அந்தப் பெண் குரல் நீட்டிக் கூப்பிடும்போது உன் மாமாவும் எங்களோடு வருவான், அவனுக்கு ஒரு இடம் விட்டு நட. பாட்டு என்ன என்று கேட்டாய் அல்லவா? உன் தாலாட்டுத்தான். நீ வெட்கப்படுவாய், படு. அது நான் கட்டிய பாட்டு, அதில் என் உச்சரிப்புப் பிழை என்று இந்த உலகத்தில் எவரும் சொல்ல முடியாது. ஒவ்வொரு அடி முடிவிலும் உன் முழுப்பெயரை அந்த மேலதிகாரி இருந்து கேட்கட்டும். வகுப்புக்கு வரும் சமோவாப் பெடியளில் ஒருவன் அதைக் கேட்டுக் கொட்டாவி விட்டால் கோபிக்காதே, அவன் என் பிள்ளைகளில் ஒருவனாக இருப்பான்.

கமலா அன்ரியிடம் காலையில் போனில் கதைத்தேன். தனியே பாடக் கூச்சமாக இருக்கிறது, கூடப் பாட வா என்று கேட்டேன். "வராம என்ன அக்கா, எப்ப வரணும்?" என்றாள். வரும் வழியில் அவளையும் ஏற்றிக்கொள். முன் சீட் அவளுக்கு, நானும் அப்பாவும் பின்னால் இருக்கிறோம். உன் சாமான் ஒன்றும் அந்தச் சீட்டில் கிடக்கக்கூடாது, முதல் நாளே துப்புரவாக்கி வை.

வெள்ளைச் சேர்ட் போடாதே. நான் அன்றைக்கு ஒட்டுப்பொட்டு வைக்கமாட்டேன். நல்ல ஈரக் குங்குமம், பெரிதாக. உன் மேலதிகாரி, அவருக்கு மேலே உள்ளவர், கதவு திறந்துவிடுகிறவர், ஒருவரையும் விடாமல் வரிசையில் நின்று நெற்றி வைப்பேன். பிறகு தேத்தண்ணிக் கோப்பையோடு ஒரு மூலையில் இருந்து, யார் துடைக்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருப்பேன்.

உன் பக்கத்தில் நிற்கப்போகிற
அம்மா